பொதுக்கூட்டத்தில் பேசும் உரிமையும் பழுதான கருத்தாய்வுக் கேள்விகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் எழுதப்படும் கருத்தாய்வு வினாநிரல்களைத் தமிழாக்கும் பணியையும், அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கதவு தட்டும் பணியையும் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். நான் கேட்ட கேள்விகளிலேயே மிக எளிதாகக் கெட்டுப்போனவை பொது இடத்தில் பேசும் உரிமை குறித்த கேள்விகள்தாம். அவற்றைப் பற்றி மாணவர்களும் உறவினர்களும், ஆய்வில் கலந்துகொண்டவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு கேள்வி பழுதானது என்று எதை வைத்துச் சொல்வது?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஒரே கருத்துடைய இருவர் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்ல நேர்ந்தாலோ, நேரெதிர்க் கருத்துடைய இருவர் ஒரே பதிலைச் சொல்ல நேர்ந்தாலோ, அந்தக் கேள்வி பழுதானது.

எடுத்துக்காட்டாக, "பொதுக்கூட்டங்களில் யாரும் எதையும் பேச அனுமதிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்ற கேள்வியை நானே எழுதிப் பார்க்கிறேன். வன்முறையைத் தூண்டும் பேச்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேச விடலாம் என்று எண்ணுபவர் "எதையும்" என்ற சொல்லில் இடறி "இல்லை" என்பார். அரசாங்கத்தைக் குறைகூறி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று எண்ணுபவரும் "இல்லை" என்பார். இருவரும் ஒரே கட்டத்தில் எண்ணப்பட்டு, மறுநாள் செய்தியில் பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானவர்கள் என்ற ஒரே கூட்டமாக வெளிவருவார்கள். கேட்டவர் பொய் சொல்லவில்லை, பதில் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வெளிவந்த எண் உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு சொல் மாறினால் பதில் அவ்வளவு மாறுமா?

மாறும். இதற்கு மிகப் பழைய சான்று, பொதுப் பேச்சு பற்றிய கேள்வியிலேயே கிடைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஒன்றுக்கொன்று ஒப்பான இரண்டு குழுவினரிடம் ஒரே செய்தி இரண்டு வடிவங்களில் கேட்கப்பட்டது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு குழுவிடம் கேட்டபோது 21 விழுக்காட்டினர் அனுமதிக்க வேண்டும் என்றும், 62 விழுக்காட்டினர் அனுமதிக்கக் கூடாது என்றும் கூறினர். அதே பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்று மற்றக் குழுவிடம் கேட்டபோது, தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 விழுக்காடுதான். தடைசெய்ய வேண்டாம் என்றவர்கள் 39 விழுக்காடு. எஞ்சியவர்கள் கருத்தில்லை என்றனர்.

அனுமதிக்காமல் இருப்பதும் தடைசெய்வதும் நடைமுறையில் ஒன்றே. ஆனால் "தடை" என்ற சொல்லை வாயால் சொல்லப் பலருக்கு மனம் வரவில்லை. "அனுமதி இல்லை" என்று சொல்வது அவர்களுக்கு மென்மையாகப்பட்டது. டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். 1970களில் ஹோவர்ட் ஷூமனும் ஸ்டான்லி பிரெசரும் அதே சோதனையை மீண்டும் செய்தார்கள். முப்பது ஆண்டுகளில் அமெரிக்கர்கள் அத்தகைய பேச்சுகளை முன்பைவிடக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்பவர்களாக மாறியிருந்தனர். ஆனால் இரண்டு சொற்களுக்கும் இடையிலான இடைவெளி அப்போதும் இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: மக்களுள் இத்தனை விழுக்காட்டினர் இன்ன பேச்சை எதிர்க்கிறார்கள் என்று தனியாக நிற்கும் எந்த எண்ணையும், கேள்வியின் முழு வாசகத்தைப் பார்க்காமல் நான் ஏற்பதில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் எப்படி வருகிறது?

வேறு வழிகளில் வருகிறது, சில சமயம் இன்னும் கடுமையாக வருகிறது. மொழிபெயர்ப்பு என்பது கேள்வியை இரண்டாவது முறை எழுதுவது. அந்த இரண்டாவது எழுத்தைப் பெரும்பாலும் யாரும் சரிபார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

முதலில் "அனுமதி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பொது இடத்தில் கூட்டம் நடத்தக் காவல்துறையின் அனுமதி வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே "இப்படிப்பட்டவரைப் பேச அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டால், "அனுமதி வாங்கிட்டுப் பேசட்டும், அதுல என்ன இருக்கு?" என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் உரிமத்தைப் பற்றிப் பதில் சொன்னார்கள். வினாநிரல் கேட்டதோ சகிப்புத்தன்மையைப் பற்றி. அந்தப் பதிலை "ஆம்" என்று குறிப்பதா, "இல்லை" என்று குறிப்பதா என்று தெரியாமல் மாடிப்படியில் நின்றிருக்கிறேன்.

அடுத்தது "வேண்டும்". "அனுமதிக்கலாம்" என்பதற்கும் "அனுமதிக்க வேண்டும்" என்பதற்கும் இடையே தமிழன் நன்றாக உணரும் தூரம் இருக்கிறது. முன்னது இசைவு, பின்னது கடமை. "பேசினா பேசிட்டுப் போகட்டும்" என்று எண்ணும் ஒருவர் "அனுமதிக்கலாமா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று தயங்காமல் சொல்வார், "அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டால், அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லையே என்று பின்வாங்குவார். ஆங்கில மூலம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு விதமாக எழுத இடமிருக்கிறது. எது பொருந்தும் என்பதை ஆய்வாளரைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

எதிர்மறைக் கேள்வி இவற்றைவிட மோசமானது. "அரசாங்கத்தைக் குறைகூறுவோரைப் பொதுக்கூட்டத்தில் பேச அனுமதிக்கக் கூடாதா?" என்பது தாளில் நடுநிலையாகத் தெரியலாம். வாய்விட்டுப் படித்தால் அது ஒரு வேண்டுகோளாக, "ஏன் கூடாது?" என்ற மன்றாட்டாக ஒலிக்கும். அதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் "ஆமாம், கூடாது" என்று பொருளா, "ஆமாம், விடலாம்" என்று பொருளா? இரண்டுக்கும் தமிழில் இடமுண்டு. "இல்லை" என்ற பதிலும் அப்படியே. "வேண்டும் அல்லவா?", "சரிதானே?" என்று முடியும் கேள்விகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அவை கேள்வி வடிவில் வரும் வற்புறுத்தல்கள்.

யார் தடுப்பது என்பதைச் சொல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடத் தமிழ் இடம் கொடுப்பதும் ஒரு சிக்கல். "தடுக்க வேண்டுமா?" என்றால் காவல்துறையா, கூட்டத்தை நடத்துபவர்களா, மண்டபத்தின் உரிமையாளரா? ஒரு பேச்சாளரை மண்டபக் குழு மறுக்கலாம் என்று எண்ணும் ஒருவர், அவரைச் சட்டம் தண்டிக்க வேண்டும் என்று எண்ணாமல் இருக்கலாம். செய்பவர் யார் என்பது வாக்கியத்தில் இருந்தாக வேண்டும்.

இரட்டை எதிர்மறையால் அவ்வளவு பெரிய பிழை வருமா?

1992இல் அமெரிக்காவில் ரோப்பர் நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வில், நாஜிகள் யூதர்களை அழித்தொழித்தது ஒருபோதும் நடக்கவில்லை என்பது சாத்தியமாகத் தோன்றுகிறதா, சாத்தியமற்றதாகத் தோன்றுகிறதா என்று கேட்டார்கள். 22 விழுக்காட்டினர் சாத்தியம் என்று பதிலளித்ததாக முடிவு வந்து, நாடே அதிர்ந்தது. 1994இல் கேள்வியைத் தெளிவாகத் திருத்திக் கேட்டபோது அந்த 22 விழுக்காடு ஏறத்தாழ 1 விழுக்காடாகச் சுருங்கியது. "சாத்தியமற்றது" என்பதும் "ஒருபோதும் நடக்கவில்லை" என்பதும் ஒரே வாக்கியத்தில் மோதியதில், பேரழிவு நடந்தது என்று உறுதியாக நம்பியவர்கள்கூடத் தவறான விடையைச் சொல்லியிருந்தார்கள். "தடைசெய்யாமல் இருக்கக் கூடாது என்று கருதுகிறீர்களா?" என்பது போன்ற தமிழ் வாக்கியத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

"பேச்சுச் சுதந்திரத்தை ஆதரிக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன?

ஏறத்தாழ எல்லோரும் ஆம் என்பார்கள், நீங்கள் எதையும் அறிந்துகொண்டிருக்க மாட்டீர்கள். ஜேம்ஸ் புரோத்ரோவும் சார்ல்ஸ் கிரிக்கும் இரண்டு அமெரிக்க நகரங்களில் நடத்தி 1960இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பொதுவான கொள்கையாகக் கேட்டபோது மக்கள் பெருமளவில் ஒப்புக்கொண்டார்கள். சமயத்துக்கு எதிராக ஒருவர் உங்கள் ஊரில் பேச வந்தால் என்று குறிப்பாகக் கேட்டவுடன் அந்த ஒற்றுமை உடைந்தது.

அதற்கு முன்பே, 1954இல், சாமுவேல் ஸ்டவ்ஃபர் குறிப்பான ஆட்களை வைத்துக் கேட்கும் முறையைக் கையாண்டிருந்தார். சமயத்தை எதிர்க்கும் ஒருவர் உங்கள் ஊரில் உரையாற்ற விரும்பினால் அவரைப் பேச விடலாமா, கூடாதா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. அமெரிக்கப் பொதுச் சமூக ஆய்வு 1972இல் தொடங்கியது முதல் ஏறக்குறைய அதே வாசகத்தைப் பின்பற்றி வந்திருக்கிறது. வாசகத்தை மாற்றாமல் வைத்திருப்பதால்தான் ஒரு தலைமுறையை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. அந்தக் கேள்வியில் ஓர் ஆள் இருக்கிறார், ஓர் ஊர் இருக்கிறது, ஒரு பேச்சு இருக்கிறது. பதில் சொல்பவர் மனக்கண்ணில் ஒரு மேடையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்.

சிங்கப்பூரில் கேட்கும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும்?

எந்தக் கூட்டம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பொதுக்கூட்டம் என்றவுடன் ஒருவருக்குத் தேர்தல் பிரசாரக் கூட்டம் நினைவுக்கு வரும். இன்னொருவருக்குச் சமூக மன்றக் கலந்துரையாடல். மூன்றாமவருக்கு ஹோங் லிம் பூங்கா. இந்த மூன்றும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி முதலிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரு நோக்கத்துக்காகத் தனியொருவர் நின்று செய்யும் ஆர்ப்பாட்டம்கூட அனுமதி தேவைப்படும் கூட்டமாகலாம். ஹோங் லிம் பூங்காவில் ஸ்பீக்கர்ஸ் கார்னர் எனப்படும் பேச்சாளர் முனை 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே ஆர்ப்பாட்டங்களுக்கு 2008 முதல் இடமளிக்கப்பட்டது. குடிமக்கள் பதிந்துகொண்டு, அதிகாரத்துவ மொழிகள் நான்கில் எதிலும், ஆகவே தமிழிலும், காவல்துறை அனுமதியின்றி அங்கே பேசலாம். ஆனால் சமயம் தொடர்பான பேச்சும், இனங்களுக்கிடையே பகைமையை உண்டாக்கக்கூடிய பேச்சும் அந்த விலக்கில் அடங்கா.

இத்தனை வேறுபாடுகள் இருக்கும் நாட்டில் "பொதுக்கூட்டம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் கேட்டால், மூன்று பேர் மூன்று இடங்களை எண்ணிப் பதில் சொல்வார்கள். காலத்தையும் கவனிக்க வேண்டும். கொவிட்-19 காரணமாக 2020 பொதுத் தேர்தலில் நேரடிப் பிரசாரக் கூட்டங்கள் நடக்கவில்லை. 2025இல் அவை திடல்களுக்குத் திரும்பின. இந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரே கேள்வி ஒரே பொருளில் கேட்கப்பட்டிருக்க முடியாது.

மூத்தோரிடம் கேட்கும்போது இன்னொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது வெடித்த இனக்கலவரத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேச்சு எங்கே போய் முடியும் என்ற அவர்களுடைய அச்சம் வாழ்ந்து பெற்ற அனுபவம். அதை மதிக்கிறேன். அதனாலேயே, "நல்லிணக்கத்தைக் காக்கும் பொருட்டு, பொதுக்கூட்டங்களில் அரசாங்கத்தையும் சமயங்களையும் விமர்சிப்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமா?" என்பது போன்ற கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. அரசாங்கத்தை விமர்சிப்பதும் சமயத்தைப் பழிப்பதும் இரு வேறு செயல்கள். அவற்றை ஒரே கேள்வியில் கட்டி, முன்னால் நல்லிணக்கம் என்ற சொல்லையும் வைத்தால், 1964ஐ நினைத்துச் சொல்லப்படும் "ஆம்", பேருந்துக் கட்டணத்தைக் குறைகூறிப் பேசுபவரையும் சேர்த்து வாயடைக்கச் சொன்ன "ஆம்" ஆகிவிடும்.

கேள்விகளின் வரிசை முக்கியமா?

மிக முக்கியம். 1948இல் ஹெர்பர்ட் ஹைமனும் பால் ஷீட்ஸ்லியும் செய்த சோதனையில், கம்யூனிச நாட்டுப் பத்திரிகையாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து தாங்கள் கண்டபடி செய்தி அனுப்ப விடலாமா என்று முதலில் கேட்டபோது ஆதரித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினர். அமெரிக்கப் பத்திரிகையாளர்களை ரஷ்யா அப்படி விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதன்பின் இதைக் கேட்டபோது ஆதரவு 73 விழுக்காடாக உயர்ந்தது. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று சொல்ல மனிதர்கள் கூசுகிறார்கள். கலவரம் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாகப் பேச்சுரிமைக் கேள்வியை வைத்தால் எதிர்த்திசையிலும் தள்ளலாம்.

"கருத்தில்லை" என்ற விடையைத் தர வேண்டுமா?

தர வேண்டும். 1940ஆம் ஆண்டுச் சோதனையிலேயே ஒரு வடிவத்தில் 17 விழுக்காட்டினரும் மற்றொன்றில் 15 விழுக்காட்டினரும் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது இல்லாத வினாநிரலில் அவர்கள் ஏதாவது ஒரு பக்கம் தள்ளப்பட்டிருப்பார்கள்.

வீட்டு வாசலில் வந்து கேட்பவரிடம் மக்கள் மனத்தில் உள்ளதைச் சொல்வார்களா?

பலர் சொல்கிறார்கள். ஆனால் விருந்தோம்பலும் மரியாதையும் ஊறிய நம் மூத்தோர், எதிரில் நிற்பவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பதில் சொல்வதும் உண்டு. ஒரு முறை ஈசூனில் ஒரு பாட்டி என்னை உள்ளே அழைத்து, தண்ணீர் கொடுத்து, வரிசையாக எல்லாக் கூற்றுகளுக்கும் "ஆமாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சாளர்களைத் தடுக்க வேண்டும் என்ற கூற்றுக்கும் ஆமாம். சிறிது நேரம் கழித்து, யாரையும் தடுக்கக் கூடாது என்ற கூற்றுக்கும் ஆமாம். "பாட்டி, ரெண்டும் வேற வேற இல்லையா?" என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. எழுதியதை எழுதியபடி படிக்கவும் சொன்னதைச் சொன்னபடி குறிக்கவும் மட்டுமே பணிக்கப்பட்டிருந்தேன். குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின், தாளில் எழுத இடமில்லாமல் அவர் பேசியதே பெரிது: தம் இளமையில் திடலில் கேட்ட தமிழ்ப் பேச்சுகளையும், மேடையில் ஏறிய பெண்களைத் தாம் வியந்து பார்த்ததையும் சொன்னார். பொதுக்கூட்டம் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. எங்கள் கேள்விக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை.

ஆகவே, ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கூற்றுகளை அடுக்குவதைவிட, இரண்டு நிலைப்பாடுகளையும் சம எடையுடன் முன்வைத்து எது உங்கள் கருத்துக்கு நெருக்கமானது என்று கேட்பது நல்லது.

"இந்த ஆய்வில் தமிழர்கள் இப்படிச் சொன்னார்கள்" என்ற செய்தியை நம்பலாமா?

எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழை அதிகம் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. 1,000 பேரைக் கேட்கும் ஆய்வில் அவர்கள் சுமார் 25 பேர் இருப்பார்கள். 1,000 பேருக்குப் பிழை வரம்பு, அதாவது உண்மையான எண்ணிலிருந்து முடிவு விலகக்கூடிய அளவு, சுமார் 3 புள்ளிகள் என்றால், 25 பேருக்கு அது ஏறத்தாழ 20 புள்ளிகள். அந்த 25 பேரிலும் எத்தனை பேர் தமிழ் வினாநிரலுக்கும் எத்தனை பேர் ஆங்கில வினாநிரலுக்கும் பதில் சொன்னார்கள் என்று தெரியாவிட்டால், "அனுமதி" என்ற சொல்லைக் கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் ஒன்றாகக் கூட்டுகிறோம்.

தேர்தல் நேரத்தில் இத்தகைய ஆய்வுகள் வெளிவருமா?

வாக்காளர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்பது பற்றிய ஆய்வு முடிவுகளை, தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட நாள் முதல் வாக்களிப்பு முடியும் வரை வெளியிடச் சிங்கப்பூர்ச் சட்டம் தடை விதிக்கிறது. பேச்சுரிமை குறித்த ஆய்வுகள் பொதுவாக மற்ற நேரங்களில் நடப்பவை.

நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?

இப்படி எழுதுவேன்: "வீட்டுவசதிக் கொள்கையைக் கடுமையாகக் குறைகூறி ஹோங் லிம் பூங்காவில் ஒரு குடிமகன் உரையாற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவல்துறை அவரைப் பேச விடலாம் என்று நினைக்கிறீர்களா, தடுக்கலாம் என்று நினைக்கிறீர்களா, அல்லது இதுபற்றி உங்களுக்குக் கருத்து ஏதும் இல்லையா?" பாதிப் பேரிடம் "தடுக்கலாம்" என்பதை முதலில் வைத்துக் கேட்பேன். சமயத்தைப் பழிக்கும் பேச்சு பற்றித் தனிக் கேள்வி கேட்பேன். இப்போதைய சட்டம் என்ன என்று தெரியுமா என்பதையும், சட்டம் எப்படி இருக்கலாம் என்பதையும் ஒருபோதும் ஒரே வாக்கியத்தில் வைக்க மாட்டேன். தமிழ் வாசகத்தை இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். அதன்பின், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, தேக்காவிலும் உட்லண்ட்சிலும் பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலான பழுதுகள் அந்தப் பத்துப் பேரிடமே வெளிப்பட்டுவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் உழைப்பு.

என் வீட்டுக்கு வந்து இப்படிப் பழுதான கேள்வியைக் கேட்டால் நான் என்ன செய்யலாம்?

கேள்வியை மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கில வடிவத்தையும் படித்துக் காட்டும்படி கேட்கலாம். இரண்டு செய்திகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால், முன்னதற்கு ஆம், பின்னதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்லி, அதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் நிற்பவரிடம் கோபப்படாதீர்கள். கேள்வியை விளக்கவோ மாற்றவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஓரத்தில் எழுதியதை அவர் அலுவலகத்தில் ஒப்படைப்பார். நான் திருத்திய மொழிபெயர்ப்புகளுள் பாதி, யாரோ ஒரு குடியிருப்பாளர் "இது புரியலை, எந்தக் கூட்டத்தைச் சொல்றீங்க?" என்று கேட்டு, அதை நான் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்ததனால் திருத்தப்பட்டவை.